இருபத்தாறு முறை விழலாம்

விழுந்தாலும் உடையாத ஒரு மடிக்கணினி ஊருக்குள் வந்தால், ஊரார் அதை முதலில் என்ன செய்வார்கள்? கீழே போட்டுப் பார்ப்பார்கள்.

பதினொரு வயது மிர்த்தா இதை முன்பே ஊகித்திருக்க வேண்டும். யாகாரே துறையில்தான் அவள் பிறந்தாள். அவ்வூராரின் குணம் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் ஊராரை மட்டும் குறை சொல்வது முறையன்று. அந்தப் பழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் கணினியைக் கொண்டுவந்தவரே. அவர் பெயர் வில்லாசாந்தி, கணினிக் கம்பெனியின் ஆள். தலைநகர் அசுன்சியோனிலிருந்து சரக்குப் படகில் வந்திறங்கிய அவர், படகுத் துறையின் பலகை மேடையில் நின்றபடியே பெட்டியைப் பிரித்தார். செங்கல்லைப் போலக் கனத்த அந்தக் கறுப்புக் கணினியை இடுப்பளவு உயரத்துக்குத் தூக்கினார். எல்லாரும் பார்க்கிறார்களா என்று ஒருமுறை சுற்றிலும் நோக்கினார். பிறகு கையை விட்டார்.

கணினி 'டொம்' என்று விழுந்தது. மிர்த்தாவின் அம்மா செல்சா கண்களை இறுக மூடிக்கொண்டார். யாகாரே துறையின் மருத்துவ நிலையத்துக்கு அவர் ஒருவர்தாம் செவிலியர். கணினி அவருக்காகத்தான் வந்திருந்தது.

வில்லாசாந்தி அதை எடுத்துத் திறந்தார். திரை ஒளிர்ந்தது.

“இந்த மாதிரி இருபத்தாறு தடவ விழலாம். மழ பட்டாலும் ஒண்ணும் ஆகாது. தூசி உள்ள போகாது. பெட்டியிலயே போட்டிருக்கு, பாருங்க,” என்றார்.

கூட்டம் கைதட்டியது. எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவர் மிர்த்தாவின் தாய்மாமன் டெர்லிஸ். மிர்த்தா மட்டும் தட்டவில்லை.

“ஒரு மாசம் வச்சுப் பாருங்கம்மா. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி வருவேன். நல்லா ஓடிச்சுன்னா இங்கயே வச்சுக்கலாம். கெட்டுப்போச்சுன்னா எடுத்துட்டுப் போயிடுவேன். வேற ஒண்ணு கெடைக்காது,” என்று சொல்லிவிட்டு, வில்லாசாந்தி அதே படகில் ஏறிக்கொண்டார்.

ஒவ்வொரு மாதக் கடைசியிலும், யார் யாருக்கு ஊசி போடப்பட்டது என்ற விவரங்களோடு அம்மா படகேறி, கொன்செப்சியோன் நகரத்து அலுவலகத்துக்குப் போக வேண்டும். படகு மெதுவாகப் போகும். திரும்பும்போது ஆற்றை எதிர்த்து இன்னும் மெதுவாக வரும். சென்ற ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில் அம்மா அந்த நகரத்து விடுதி ஒன்றில் தனியே உட்கார்ந்திருந்தார். மிர்த்தா இங்கே, டெர்லிஸ் மாமா வேகவைத்த மரவள்ளிக்கிழங்கை மென்றுகொண்டிருந்தாள். கிழங்கு பாதிதான் வெந்திருந்தது.

கணினி இருந்தால் விவரங்கள் தாமாகவே நகரம் போய்ச் சேர்ந்துவிடும். அம்மா வீட்டில் இருப்பார்.

ஆகவே கணினி ஒரு மாதம் பிழைத்திருக்க வேண்டும். யாகாரே துறையில் இதை உணர்ந்தவள் மிர்த்தா ஒருத்திதான் என்று தோன்றியது.

டெர்லிஸ் மாமா படகோட்டி. ஆற்றங்கரை வீடுகளுக்கு அம்மா ஊசி போடப் போகும்போது தம் ஓடத்தில் அழைத்துப் போவார். கணினியைச் சுமக்கும் பொறுப்பையும் அவரே ஏற்றுக்கொண்டார். சுமந்தார் என்பதைவிட எறிந்தார் என்பதே சரி. கரை நெருங்கியதும் கணினி முதலில் பறக்கும்; பிறகு மாமா குதிப்பார்.

“மாமா, அது பந்து இல்ல.”

“உடையாது கண்ணு. கம்பெனிக்காரரே சொல்லிட்டாரு.”

துறையில் புதிதாக யார் வந்திறங்கினாலும் மாமா விடமாட்டார். கூப்பிட்டு நிறுத்தி, கணினியைப் போட்டுக் காட்டுவார். வந்தவர் வாயைப் பிளப்பார். மாமா மார்பை நிமிர்த்திக்கொள்வார், ஏதோ அவரே செய்த கணினி என்பதுபோல.

“இதோட பத்து. இன்னும் பதினாறு பாக்கி இருக்கு,” என்றார் ஒருநாள்.

“பாக்கியா? இது என்ன கூப்பனா மாமா? எல்லாத்தையும் செலவழிச்சே ஆகணும்னு யாரு சொன்னா?”

“குடுத்தத வேணாம்னு சொல்றது மரியாத இல்லடி.”

மிர்த்தா பெருமூச்சு விட்டாள். அந்த மாதம் அவள் விட்ட பெருமூச்சுகளைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு பாய்மரக் கப்பலையே ஓட்டியிருக்கலாம்.

கடைக்காரப் பிளாசிதா அக்கா இன்னொரு வகை. அடுப்பிலிருந்து இறக்கிய சீப்பா ரொட்டித் தட்டை அவர் நேரே கணினியின்மேல் வைத்தார்.

“அக்கா, அது மேச இல்ல.”

“சூடு தாங்கும்னு அந்த மனுஷன் சொன்னாரே.”

“அவர் வெயிலச் சொன்னாரு. அடுப்பச் சொல்லல.”

“நம்ம ஊரு வெயிலுக்கு அடுப்பே தேவலாம். இந்தா, ஒரு சீப்பா தின்னு. சும்மா சும்மா மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத.”

மிர்த்தா தின்றாள். பாலாடைக்கட்டி மணக்கும் அந்த ரொட்டி, கோபமாக இருக்கும்போதும் நன்றாகத்தான் இருந்தது. அதனால் அவள் கோபம் இன்னும் கூடியது.

ஒரு மாலையில் பள்ளித் தோழர்கள் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். கோல் கம்பத்துக்குப் பதிலாக ஒரு பக்கம் கல் இருந்தது. மறுபக்கம் கணினி இருந்தது. அவர்களுடைய செருப்புகள் மட்டும் ஓரமாக, மரத்தடியில், பத்திரமாக அடுக்கப்பட்டிருந்தன.

அம்மாவும் திட்டத்தான் செய்தார். “டேய் டெர்லிஸ், அது அரசாங்கத்துக்குப் போற வேலடா,” என்பார். ஆனால் அம்மாவுக்குத் திட்டுவதற்கு ஊரில் வேறு ஆட்களும் இருந்தார்கள். ஊசியைக் கண்டு மரமேறும் பிள்ளைகள் ஒரு புறம். தமக்குக் கொடுத்த மாத்திரையைக் கோழிக்குப் போடும் பெரியவர்கள் மறுபுறம். கணினியின் முறை வருவதற்குள் அம்மாவின் குரல் தேய்ந்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விட மிர்த்தாவை வாட்டியது ஒரு சிறு ரப்பர் மூடி.

கணினியின் பக்கவாட்டில் அது இருந்தது. அதைத் திறந்தால் மின்கம்பிகளைச் செருகும் துளைகள் தெரியும். டிசம்பர் வெயிலில் ஊரில் மின்சாரம் அடிக்கடி நின்றுவிடும். கணினியின் மின்கலமோ நெடுநேரம் தாங்கும். ஆகவே ஊரிலுள்ள கைப்பேசிகள் எல்லாம், தாயிடம் பால் குடிக்க வரும் பன்றிக்குட்டிகளைப் போல, அந்தத் துளைகளை நாடி வந்தன. ரப்பர் மூடி தானாகவே மூடிக்கொண்டு தொல்லை தந்தது. பிளாசிதா அக்கா துணிக்கு மாட்டும் கிளிப் ஒன்றைக் கொண்டுவந்து, மூடியை மடக்கி, எப்போதும் திறந்தே இருக்கும்படி மாட்டிவிட்டார். அவருடைய அறிவை எல்லாரும் மெச்சினார்கள்.

கைப்பேசி மின்னேறும்வரை சும்மா இருக்க முடியுமா? கணினியைச் சுற்றி உட்கார்ந்து தெரெரே குடித்தார்கள். மாட்டுக்கொம்புக் குவளையில் எர்பா இலைத்தூளை நிரப்புவார்கள். அதில் ஐஸ் தண்ணீரை ஊற்றுவார்கள். ஒரே குழலில் ஒருவர்பின் ஒருவராக உறிஞ்சுவார்கள். தூளைக் குவளையில் கொட்டும்போதெல்லாம் ஒரு பச்சைப் புகை எழும். ஆற்றங்காற்று அதைக் கொண்டுபோகும். எங்கே கொண்டுபோகிறது என்று மிர்த்தாவைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

வில்லாசாந்தி வரவேண்டிய வாரம் பிறந்தது. ஒரு காலையில் அம்மா மின்கம்பியைக் கணினியில் செருகினார். விளக்கு எரியவில்லை. கழற்றி மறுபடி செருகினார். அப்போதும் எரியவில்லை.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார்.

“சரி விடு. படகுல எடம் சொல்லி வச்சுடறேன்,” என்றார் மெல்ல.

அம்மா கத்தியிருந்தால்கூட மிர்த்தாவுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

“கொஞ்சம் பொறும்மா,” என்றாள்.

கணினியை முழுவதும் அணைத்தாள். சன்னலருகே கொண்டுபோய், கைவிளக்கை அடித்துத் துளைக்குள் பார்த்தாள். துளையே தெரியவில்லை. பச்சைத் தூளும் செம்மண்ணும் கலந்து, குளவிக்கூட்டைப்போல அடைத்துக்கொண்டிருந்தன. முற்றத்தில் கிடந்த கோழி இறகு ஒன்றைப் பொறுக்கி வந்தாள். அதன் மென்மையான நுனியால், துளி துளியாக, வெளியே இழுத்தாள். அவசரப்படவில்லை. கடைசித் துகளும் வந்தபின் கம்பியைச் செருகினாள்.

விளக்கு எரிந்தது. அம்மா அவளுடைய தலைமுடியை ஒருமுறை கலைத்துவிட்டார்.

மிர்த்தா அந்தத் தூசியை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு மாமாவிடம் ஓடினாள்.

“பாருங்க மாமா. இவ்வளவும் அதுக்குள்ள இருந்துச்சு. கிளிப்ப எடுத்துடுங்க. மூடி மூடியே இருக்கணும்.”

மாமா உள்ளங்கையைக் கூர்ந்து பார்த்தார்.

“தூசி உள்ள போகாதுன்னு பெட்டியிலயே போட்டிருக்கு.”

“போயிருக்கே. இதோ.”

“அப்ப இது தூசியா இருக்காது.” மாமா ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தார். “எர்பா. எர்பா எப்படித் தூசியாகும்?”

“அதான, எர்பா தூசியில சேராது,” என்றார் பக்கத்திலிருந்த பிளாசிதா அக்கா, தம் கைப்பேசியைச் செருகக் கிளம்பியபடியே.

மிர்த்தா தூசியைக் கீழே உதறினாள். இவர்களிடம் சொல்லிப் பயனில்லை என்பது தெளிவாகிவிட்டது. சொல்லாமல் என்ன செய்வது என்பதுதான் தெளிவாகவில்லை.

மதியம் அவள் வழக்கம்போல் மாமாவின் பிளாஸ்க்கை நிரப்பப் போனாள்.

அந்தப் பிளாஸ்க் மாமாவின் உயிர். அதற்குப் பழுப்புத் தோலில் உறை தைத்து, தம் பெயரைப் பொறித்து, ஓரத்தில் குதிரை உருவம் ஒன்றையும் பதித்திருந்தார். ஊரில் எல்லாரும் தம் பிளாஸ்க்குக்குத் தோலுறை போடுவார்கள்; ஆனால் மாமா அளவுக்கு நுணுக்கமாக யாராலும் தைக்க முடியாது. அதை வேறு யாராவது தூக்கினால், “ரெண்டு கையாலயும் புடி,” என்பார்.

மிர்த்தா புதினாவையும் எலுமிச்சைப் புல்லையும் இடித்துப் போட்டாள். ஐஸ் கட்டிகளை நிரப்பித் தண்ணீர் ஊற்றினாள். மூடியைக் கையில் எடுத்தாள். அப்போது அவளுக்கு அந்த எண்ணம் வந்தது.

மூடியைத் திருகவில்லை. பிளாஸ்க்கின் பக்கத்திலேயே, எல்லார் கண்ணிலும் படும்படி வைத்துவிட்டு, படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள்.

மாமா தூங்கி எழுந்தார். குவளையில் எர்பாவைக் கொட்டி, தண்ணீரை ஊற்றி, ஒரு வாய் இழுத்தார். அவர் முகம் சுருங்கியது.

“என்னடி இது, கஷாயமா? வெதுவெதுன்னு இருக்கு.”

“அப்படியா? பிளாஸ்க்குலதான் தப்பு இருக்கும் மாமா. நல்லா ஏமாத்திட்டாங்க. ஒரு நாள் முழுக்க ஐஸ் கரையாதுன்னு அடியில எழுதியிருக்கே.”

“என் பிளாஸ்க்கக் குத்தம் சொல்லாத. எழுதினது நெஜந்தான். மூடி எங்க?”

“இதோ இருக்கு.”

“மூடாம வச்சா எப்படிடி ஐஸ் நிக்கும்? பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியும்.”

“மூடி வச்சாத்தான் நிக்கும்னு அதுல எழுதலையே மாமா.”

“எழுதுவாங்களா? மூடின்னு ஒண்ணு குடுத்திருக்காங்கல்ல, அது எதுக்கு? மூடத்தான? மூடாம வச்சுட்டு, கம்பெனிக்காரன் சொன்னானே, சொன்னானேன்னா…”

மாமா பாதியில் நிறுத்தினார்.

எதிரே மேசைமேல் கணினி இருந்தது. அதன் ரப்பர் மூடி கிளிப்பின் பிடியில் மடங்கிக் கிடந்தது. துளைகளில் மூன்று கைப்பேசிகள் தொங்கின.

மிர்த்தா ஆற்றைப் பார்த்தாள். ஆறு வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தது.

“மாமா,” என்றாள் கொஞ்சநேரம் கழித்து. “உங்க பிளாஸ்க் எதுல செஞ்சது?”

“ஸ்டீலு. மாடு மிதிச்சாலும் நசுங்காது.”

“அப்புறம் எதுக்கு அதுக்குத் தோல் சட்ட?”

“கீறல் விழக்கூடாதுல்ல.”

“மாடு மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாதுன்னு கம்பெனி சொல்லுது. நீங்க ஒரு கீறலுக்குப் பயப்படுறீங்க. கம்பெனிய நம்பலையா?”

“நம்பாம என்ன. நம்புறேன்.” மாமா பிளாஸ்க்கைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். “ஆனா இது என்னோடது.”

“அது அம்மாவோடது,” என்றாள் மிர்த்தா.

மாமா பிளாஸ்க்கைக் கீழே வைத்தார். எழுந்து போய்க் கைப்பேசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கிளிப்பைக் கழற்றினார். ரப்பர் மூடியை அழுத்தி மூடினார். பிறகு கிளிப்பை எடுத்துக்கொண்டு பிளாசிதா அக்காவின் கடைக்கு நடந்தார்.

“இந்தா, இதத் துணிக்கு மாட்டு,” என்று அவர் சொல்வது படிக்கட்டுவரை கேட்டது.

அன்றே மாமா தோலை வெட்ட உட்கார்ந்தார். கணினியைச் சுற்றி அளந்து, இண்டு இடுக்கு இல்லாமல் உறை தைக்கத் தொடங்கினார்.

“இந்தப் பக்கம் அடைக்காதீங்க மாமா. சூடான காத்து வெளிய வர்ற எடம். அது மூச்சு விடணும்.”

“உடையாதது மூச்சு விடுமா?”

“விடும்.”

மாமா முணுமுணுத்துக்கொண்டே அங்கே ஒரு சாளரம் வெட்டினார். துளைகள் இருந்த இடத்தில் ரப்பர் மூடிக்குமேல் ஒரு தோல் மடிப்பையும், அதற்கு ஒரு பித்தளைப் பொத்தானையும் வைத்தார். நான்கு மூலைகளிலும் தோலை இரட்டையாக மடித்தார். கடைசியாக, நடுவில், 'செல்சா' என்று பொறித்தார்.

அம்மா பார்த்துவிட்டுத் திகைத்தார். “டேய், அது இன்னும் நமக்குன்னு ஆகலடா.”

“தோல்ல பேரு விழுந்தாச்சுக்கா. இனிமே அழிக்க முடியாது.”

வில்லாசாந்தி வந்தார். ஊரே துறையில் கூடியிருந்தது. அவர் பொத்தானைக் கழற்றினார், மூடியைத் திறந்து துளைகளைப் பார்த்தார், கணினியை இயக்கினார். மூலைகளில் சில நசுங்கல்கள் இருந்தன. மற்றபடி எல்லாம் ஓடியது.

“பரவாயில்லையே. மத்த ஊருல குடுத்ததெல்லாம்…” என்று தொடங்கியவர், சட்டென்று இருமினார்.

“மத்த ஊருல என்ன ஆச்சு சார்?” என்றாள் மிர்த்தா.

“அது… சரியா வச்சுக்கல.”

அதற்குள் படகுப் பயணிகள் கம்பியில் சாய்ந்து வேடிக்கை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். பார்ப்பதற்கு ஆட்கள் இருந்தால் வில்லாசாந்தியால் சும்மா இருக்க முடியாது. உறையைக் கழற்றி வைத்தார். கணினியை இடுப்பளவு உயரத்துக்குத் தூக்கினார். சுற்றிலும் நோக்கினார்.

“போடாதீங்க!”

கத்தியவர் டெர்லிஸ் மாமா. கத்தியதோடு நிற்காமல், பாய்ந்து வந்து கணினிக்கு அடியில் இரண்டு கைகளையும் நீட்டி நின்றார்.

“நீங்கல்லாம் மனுஷனா?” என்றார் பிளாசிதா அக்கா. கால்பந்துப் பிள்ளைகள்கூட முறைத்தார்கள்.

வில்லாசாந்திக்கு ஒன்றும் விளங்கவில்லை. “அண்ணே, இருபத்தாறு தடவ விழலாம்னு நாந்தானே சொன்னேன்?”

“சார், அந்த இருபத்தாறு தடவையும் ஒரே கணினியவா போட்டாங்க?” என்று மிர்த்தா கேட்டாள்.

வில்லாசாந்தி சட்டைக் கழுத்தைத் தளர்த்திக்கொண்டார். “அதாவது… அஞ்சு கணினி வரைக்கும் எடுத்துக்கலாம்னு விதி இருக்கு. பங்கு போட்டுக்கும். ஒண்ணுக்கு அஞ்சாறு தடவதான்.”

“எதுமேல விழும்?”

“சமமான பலகமேல.”

“அப்ப இந்த ரப்பர் மூடி?”

“மூடியிருக்கும்.”

டெர்லிஸ் மாமா விரல்களை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். பிறகு கணினியைப் பையப்பைய வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பலகை மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் மட்டும் அதைப் பத்தொன்பது முறை போட்டிருந்தார். கரையில் எறிந்தது அந்தக் கணக்கில் இல்லை.

“மிர்த்தா, அப்ப நாலு கணினியோட பங்க நான் ஒருத்தனே போட்டுட்டனா?”

“ஏறக்குறைய.”

“அப்படியும் ஓடுதே. நல்ல கம்பெனிதான்.”

“நல்ல கணினி மாமா. கம்பெனி வேற, கணினி வேற.”

வில்லாசாந்தி அதைக் காதில் வாங்காதவரைப் போல உறையைத் தடவிப் பார்த்தார். 'செல்சா' என்ற எழுத்துகளின்மேல் அவர் விரல் நின்றது.

“பேரே போட்டுட்டீங்க. இனிமே நான் எப்படிக் கேக்குறது? வச்சுக்கங்கம்மா,” என்றார். பிறகு மாமாவின் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தி, “இந்த மாதிரி உற இன்னும் சிலது தச்சுத் தருவீங்களா?” என்று கேட்டார்.

“தரேன். ஆனா எங்கயும் போட்டுக் காட்டக் கூடாது.”

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், அம்மா கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினார். திரையைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தார். “போய்ச் சேந்துடுச்சு,” என்றார், தாமே நம்பாதவர்போல.

கீழே துறையில் படகு ஊதியது. மிர்த்தா அம்மாவைப் பார்த்தாள். அம்மா எழுந்திருக்கவில்லை. கொம்புக் குவளையை மாமாவிடம் நீட்டி, “இன்னொண்ணு ஊத்துடா,” என்றார்.

மாமா ஊற்றினார். பிளாஸ்க்கின் மூடியை இறுகத் திருகினார். பிறகு, ஏற்கெனவே மூடியிருந்த ரப்பர் மூடியையும் எட்டி ஒருமுறை அழுத்திவைத்தார்.